பன்னிரண்டு முழங்கைகள்

"ரத்தம் இருக்கு. ஆளைத்தான் காணோம்."

படியேறி வந்த மூச்சு இறங்குமுன்னே ஒருவர் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது? சாவி செய்கிற கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அறையில் அப்போது இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். அவன் கொழுந்தன். கொட்டிக்கொள்ளாதவள் அண்ணி.

இவர்களைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். துப்பறிகிறவள் அண்ணி. இருபது வருடம் தபால் பிரிக்கும் வேலையில் இருந்தவள். பாதி முகவரி அழிந்த கடிதத்தைக்கூட உரியவர் கையில் சேர்த்தவள். கொழுந்தன் அவள் புருஷனின் தம்பி. நாற்பத்திரண்டு வயதுக்குள் பதினோரு வேலை பார்த்து, பதினொன்றையும் வாயாலேயே தொலைத்தவன். இவன் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெருவே அவளை இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறது.

"வழக்கமா ஆள் கிடப்பாரு, ரத்தம் ஓடியிருக்கும். இது புது மாதிரியா இருக்கே அண்ணி" என்றான் கொழுந்தன், சட்டையைத் துடைத்தபடி.

"நீ வாயை மூடு. உக்காருங்கம்மா."

வந்தவர் சலவை ஆலையின் சூப்பர்வைசர் அம்மா. விடுதிகளுக்கெல்லாம் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கிற பெரிய ஆலை அது. அம்மா ஆள் ரொம்ப ஒல்லி. கொடியில் போட்டால் கிளிப் மாட்டித்தான் வைக்க வேண்டும். மை பூசிய கறுப்புத் தலைமயிர். விரலிடுக்கில், மூட்டைகளை எண்ணிக் கோடு போடுகிற சாக்பீஸ். உட்கார்ந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, தண்ணீர் கேட்காமலே விழுங்கினார். பிறகு பன்னிரண்டு தாள்களை எண்ணி மேசைமேல் வைத்தார். இன்னொரு முறையும் எண்ணினார்.

"எங்க ஆலையில பன்னிரண்டு பேர். நாள் முழுக்க ஆவியில நின்னு வேர்த்து ஊத்துற வேலை. தண்ணி குடிங்கன்னா குடிக்க மாட்டாங்க. அதனால வருஷத்துக்கு ஒருதரம் ரத்தம் எடுத்து எல்லாருக்கும் கிட்னியைப் பாக்கறது. முந்தாநாள் எடுத்தாங்க. பன்னிரண்டு பேர், பன்னிரண்டு குழாய். எண்ணித்தான் அனுப்பினேன். இன்னிக்கு ரிசல்ட் வந்திருக்கு. பதினொண்ணு சரி. நாலாம் நம்பருக்கு மட்டும், 'உடனே வரவும்'னு டாக்டர் சிவப்புல எழுதியிருக்காரு."

"நாலாம் நம்பர் யாரு?"

"தையல் அக்கா. கிழிஞ்ச விரிப்பைத் தைக்கிறவ. 'கிளம்புடி ஆஸ்பத்திரிக்கு'ன்னா, 'அது என் ரத்தமே இல்லம்மா'ங்கிறா. ஊசிக்கு வேற யாரையோ அனுப்பிட்டாளாம்! யாருடின்னா வாயைத் தைச்சுக்கிட்டா."

"தொழில் சுத்தம்" என்றான் கொழுந்தன்.

"ஏன் சொல்ல மாட்டேங்கிறா?" என்று கேட்டாள் அண்ணி.

அம்மா சாக்பீஸை உருட்டினார். "கதவுல நோட்டீஸ் ஒட்டியிருக்கேன். 'ஆள் மாற்றினால் வேலை இல்லை'ன்னு. ஒட்டினது நான்தான். அவ யாரையோ காப்பாத்துறதா நினைச்சுக்கிட்டு சாகடிக்கப் பாக்கறா. ஒருத்தருக்கு கிட்னி போயிட்டிருக்கு, அது தெரியாமயே அவங்க என் கண்ணு முன்னால விரிப்பு மடிச்சிட்டிருக்காங்க! யாருன்னு கண்டுபிடிங்க. வேலையை விட்டு அனுப்ப மாட்டேன். ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும், அவ்வளவுதான்."

அண்ணி தாள்களைப் புரட்டினாள். நாலாம் நம்பர்: தையல் அக்கா, பெண், ஐம்பத்தெட்டு வயது, கிரியாட்டினின் 1.4. அதன் கீழே 44 என்று ஓர் எண், சுற்றிச் சிவப்பு வட்டம். ஒன்பதாம் தாளில் அவள் விரல் நின்றது. பாறை என்று எல்லோரும் கூப்பிடுகிற ஓர் ஆண், முப்பத்துநாலு வயது. கிரியாட்டினின் 1.4. கீழே 68. அதற்குப் பச்சையில் 'சரி'.

"அட, ரெண்டுக்கும் ஒரே 1.4. ஒண்ணு பாஸ், ஒண்ணு ஃபெயில். பேப்பர் திருத்தினவருக்கு வீட்டுல சண்டையா?" என்றான் கொழுந்தன்.

"பாறையை விடுங்க" என்றார் அம்மா சட்டென்று. "அவன் தாள் சரியா இருக்கு. மூட்டை தூக்குற பிள்ளை. நல்லவன். அவனைக் கிளற வேண்டாம்."

அண்ணி, பாறையின் தாளின் ஓரத்தில் பென்சிலால் 'சின்ன ஊசி' என்று கிறுக்கியிருந்ததை மட்டும் ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு மடித்து வைத்தாள்.

* * *

சிறுநீரக டாக்டர் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், கை கழுவும் தொட்டிக்குள் குடைக் கம்பியை விட்டுக் குத்திக்கொண்டிருந்தார். தொட்டி நிறையத் தண்ணீர் நின்றது.

"ஆள் அனுப்பச் சொல்லி மூணு வாரமாச்சு" என்றார் திரும்பாமலே. "என்ன விஷயம்?"

"1.4ன்னா கெட்டதா டாக்டர்?"

"யாருக்கு?"

"அது தெரிஞ்சா நாங்க ஏன் வர்றோம்?" என்றான் கொழுந்தன்.

டாக்டர் கம்பியை வைத்துவிட்டுத் திரும்பினார். நல்ல மனிதர். கேள்வி கேட்டால் சந்தோஷப்படுகிற ரகம். "உடம்புல தசை இருக்கே, அதுல தினம் ஒரு கழிவு உண்டாகும். அதுதான் கிரியாட்டினின். ரத்தத்துல கலந்து வரும். கிட்னி வடிகட்டி வெளியே அனுப்பிடும். வடிகட்டி மந்தமானா, இதோ இந்தத் தொட்டி மாதிரி ரத்தத்துல தேங்கும். சரியா? இப்ப ஒரு கேள்வி. ரெண்டு வீடு. ரெண்டு வீட்டு வாசல்லயும் ஒரே அளவு குப்பை. ஒரு வீட்டுல இருபது பேரு. இன்னொரு வீட்டுல ஒத்த ஆளு. எந்தத் தெருவுக்குக் குப்பை வண்டி ஒழுங்கா வரலை?"

"ஒத்த ஆள் இருக்கிற தெருவுக்கு" என்றான் கொழுந்தன். "ஒரே ஆளு அவ்வளவு குப்பை போட முடியாதே. எடுக்க யாரும் வரலை, சேர்ந்துபோச்சு."

"சபாஷ். தசை ஜாஸ்தி இருக்கிற ஆளு, இருபது பேர் இருக்கிற வீடு. அவங்களுக்கு 1.4 வந்தா நான் நாற்காலியிலயே இருப்பேன். ஒல்லியான, வயசான பெண்ணுக்கு அதே 1.4 வந்தா எழுந்து ஓடி வருவேன். அதனாலதான் வயசு, ஆணா பெண்ணா, எல்லாம் சேர்த்து லேப்ல ஒரு கணக்குப் போட்டு, கீழே இன்னொரு எண் போடறாங்க. கிட்னி எவ்வளவு வேகமா வடிகட்டுதுங்கிற எண். நூறுக்குப் பக்கம்னா அருமை. அறுபதுக்குக் கீழே போனா விசாரிக்கணும். நாற்பத்துநாலுன்னா நிச்சயமா விசாரிக்கணும்."

"அப்ப நாலாம் நம்பருக்கு கிட்னி நோய்தானா?" என்றாள் அண்ணி.

"ஒரே ஒரு தாளை வச்சு யாரையும் நோயாளி ஆக்கக் கூடாதும்மா. மறுபடி எடுக்கணும். சிறுநீர்ல புரதம் போகுதான்னு பாக்கணும். மூணு மாசம் கழிச்சும் அப்படியே இருக்கான்னு பாக்கணும். சீக்கிரம் பிடிச்சா எவ்வளவோ செய்யலாம். ஆனா எனக்கு ஆள் வேணும். குழாய்க்கு நான் வைத்தியம் பாக்க முடியாது."

"இந்தத் தொட்டிக்குப் பாக்கறீங்களே" என்ற கொழுந்தனின் காதைப் பிடித்து அண்ணி வெளியே இழுத்து வந்தாள்.

கீழ்த்தளத்தில் லேப். ஆலைக்கு வந்து ரத்தம் எடுத்த லேப்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து குழாய்களுக்கு நம்பர் ஒட்டிக்கொண்டிருந்தார். நாலாம் நம்பர் ஆளின் முகம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டதற்குக் கையை விரித்தார்.

"முகமா? நான் பாக்கறதே இல்லைங்க. என் மூஞ்சியைப் பாத்தாலே பாதிப் பேரு மயக்கம் போடறாங்க. ஊசியைப் பாத்து மீதிப் பேரு. அதனால ஒரு வழி பண்ணேன். நடுவுல ஒரு விரிப்பைத் தொங்கவிடுவேன். அதுல ஒரு ஓட்டை. அந்தப் பக்கத்துலேர்ந்து கை வரும். நான் எடுத்துட்டுப் பஞ்சு வைப்பேன். கை போயிடும். அவங்களுக்கும் பயமில்லை, எனக்கும் மனசு சங்கடமில்லை."

"பேரு?"

"பேரு எதுக்கு? வெளியே ஒரு அம்மா தூரத்துல மூட்டை எண்ணிக்கிட்டே 'ஒண்ணு, ரெண்டு'ன்னு குரல் மட்டும் கொடுத்தாங்க. நான் நம்பர் ஒட்டினேன்."

கொழுந்தன் தலையில் கை வைத்தான். "அண்ணி, இந்தக் கேஸுல சாட்சி இருக்காரு, ஆனா அவரு யாரையும் பாக்கலை."

"முகத்தைத்தானே பாக்கலை" என்றார் லேப்காரர், கொஞ்சம் ரோஷத்தோடு. "முழங்கையைக் காட்டச் சொல்லுங்க. பதினஞ்சு வருஷமா அதைத்தான் பாக்கறேன். முந்தாநாள் பாத்த கையை மறப்பேனா?"

அண்ணியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "பையை எடுத்துக்கிட்டு எங்களோட கிளம்புங்க."

* * *

சலவை ஆலைக்குள் நுழைந்தால் முதலில் ஆவி முகத்தில் அறையும். பிறகு சோப்பு வாசனை. அதற்கப்புறம்தான் ஆட்கள் தெரிவார்கள். உலர்த்தும் இயந்திரங்களுக்கு நடுவே, முந்தாநாள் தொங்கிய அதே ஓட்டை விரிப்பை மறுபடி கட்டினார்கள். ஒரு பக்கம் லேப்காரர், அண்ணி, சூப்பர்வைசர் அம்மா. மறுபக்கம் பன்னிரண்டு தொழிலாளிகள். யார் எந்த வரிசையில் வருவது என்பது கொழுந்தன் பொறுப்பு. அவன் கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவன் மாதிரி, "அடுத்த கை வரலாம், அடுத்த கை" என்று கூவிக்கொண்டிருந்தான்.

ஓட்டைக்குள் முதல் கை வந்தது.

லேப்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "மூணு."

தாளைப் பார்த்து அம்மா தலையாட்டினார். சரி. சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு.

"ஏழு. மடிப்புல மச்சம்." சரி. ஒரு கோடு.

"பதினொண்ணு. ஊசி வர்றதுக்கு முன்னாடியே கட்டைவிரலை மடக்குவாரு. இப்பகூட மடக்கறாரு பாருங்க." சரி.

இப்படியே பத்துக் கைகள் வந்துபோயின. பத்தும் சரியான நம்பர்கள். பதினோராவது கை ஓட்டைக்குள் நுழையவில்லை. முட்டியது, திரும்பியது, பிறகு 'டர்ர்' என்று விரிப்பைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றது. கை என்றா சொன்னேன்? சாதாரண மனுஷனுக்கு அது தொடை.

லேப்காரர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "நாலு!"

அம்மாவின் சாக்பீஸ் கீழே விழுந்து உடைந்தது. "பாறையா?"

கிழிசல் வழியாக ஒரு பெரிய முகம் எட்டிப் பார்த்தது. கண்ணில் தண்ணீர். "மன்னிச்சிடுங்கம்மா. அக்காவுக்கு ஊசி குத்தினா ரெண்டு நாளைக்குக் கை நடுங்குமாம். அன்னிக்கு நாற்பது திரைச்சீலை தைக்க வேண்டியிருந்துச்சு. நான் குத்திக்கிறேன்னேன். பதிலுக்கு என் சட்டைக்குக் கை அகலம் வச்சுத் தர்றேன்னாங்க. எந்தச் சட்டையும் போட முடியலைம்மா."

"நான் சொல்லாதேன்னேனில்லடா தடியா!" விரிப்புக்குப் பின்னாலிருந்து தையல் அக்காவின் குரல். "உன் வேலை போனா உன் பொண்டாட்டிக்கு நானா பதில் சொல்றது?"

"அழாதே. இங்கே பாரு" என்றாள் அண்ணி பாறையிடம். "ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டே?"

"முதல் நாள் ராத்திரி ஒரு கிலோ கறி. காலையில தசை வளர்க்கிற மாவு, பால்ல கலக்கி நாலு டம்ளர். அக்கா பேரு கெட்டுடக் கூடாதுன்னு நல்லா சாப்பிட்டுட்டுத்தான் போனேன்."

கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். "இருபது பேர் இருக்கிற வீடுன்னாரே டாக்டர், இதுல விருந்து வேற நடந்திருக்கு!"

"அப்ப... அப்ப இவனுக்கு?" என்றார் அம்மா.

"இந்த உடம்புக்கு அந்த 1.4 பெரிய விஷயமில்லைம்மா. கறியையும் மாவையும் நிறுத்திட்டு ஒருதரம் மறுபடி பாத்துடலாம். ஐம்பத்தெட்டு வயசுப் பெண்ணுன்னு நினைச்சுக் கணக்குப் போட்டதால நாற்பத்துநாலுன்னு வந்துடுச்சு."

அம்மா துணி மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்தார்.  "யாருக்கும் ஒண்ணுமில்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "பன்னிரண்டு பேரும் நல்லா இருக்காங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மறுபக்கத்தில் யாரோ கை தட்டினார்கள்.

"கேஸ் முடிஞ்சுது" என்றான் கொழுந்தன். "கிளம்புவோமா அண்ணி?"

அண்ணி நகரவில்லை. "இன்னும் ஒரு கை பாக்கி இருக்கு."

பன்னிரண்டாவதாகத் தையல் அக்காவின் கை வந்தது. நூல் சுற்றிச் சுற்றித் தழும்பேறிய விரல்கள். லேப்காரர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கையை நான் பாத்ததே இல்லை."

"பாத்திருக்க முடியாது. அவங்க வரவே இல்லையே. அவங்களுக்கும் அப்புறம் எடுத்துடணும்" என்றாள் அண்ணி. "சரி, இப்ப எண்ணுங்க. கை பன்னிரண்டு. அதுல ரத்தம் கொடுத்த கை பதினொண்ணு. ஆனா லேப்புக்குப் போன குழாய்?"

"பன்னிரண்டு" என்றார்கள் விரிப்புக்குப் பின்னாலிருந்து நாலைந்து பேர். எண்ணுவதில் அவர்கள் யாரும் சளைத்தவர்களில்லை.

"நாலாம் நம்பருக்குப் பாறை போயிட்டான். அப்ப அவனோட ஒன்பதாம் நம்பருக்குப் போனது யாரு?"

எல்லோரும் கிழிசல் வழியாகப் பாறையைப் பார்த்தார்கள். "எனக்குத் தெரியாதுங்க" என்றான் அவன். "நாலுக்குக் குத்திக்கிட்டு வெளியே வந்தேன், தலை சுத்திச்சு. ஈரத்துணிக் குவியல்ல விழுந்துட்டேன். முழிச்சப்ப எல்லாம் முடிஞ்சு வண்டி போயிடுச்சு."

அண்ணி லேப்காரர் பக்கம் திரும்பினாள். "ஒன்பதாம் கை ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமா? நரம்பே கிடைக்கலை. தட்டித் தட்டிப் பாத்தேன். கடைசியில குழந்தைக்குப் போடற ஊசியை எடுத்தேன். தாள்லகூட எழுதியிருப்பேனே."

"சின்ன ஊசி" என்றாள் அண்ணி.

"பாறைக்குக் குழந்தை ஊசியா?" என்றான் கொழுந்தன். "அவன் நரம்புல துணி காயப் போடலாமே!"

"போதும், போதும்" என்று சூப்பர்வைசர் அம்மா எழுந்தார். "சாயங்கால வண்டி வந்துடும். ஆளாளுக்கு வேலையைப் பாருங்க. இந்த விரிப்பை முதல்ல கழட்டுங்க." அவரே கையை நீட்டி, மேலே கட்டியிருந்த முடிச்சை இழுத்தார். ஜாக்கெட்டின் கை மேலே ஏறியது. மெலிந்த முழங்கை. மடிப்பில் நீலமாகக் கன்றிப்போன ஒரு புள்ளி.

லேப்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்தேவிட்டார்.

"ஒன்பது!"

விரிப்பு பாதி கழன்று தொங்கியது. அந்தப் பக்கத்துப் பன்னிரண்டு முகங்களும் இப்போது தெரிந்தன. எல்லோரும் அம்மாவின் முழங்கையையே பார்த்தார்கள்.

"குழாய் வைக்கிற தட்டுல ஒரு குழி காலியா இருந்துச்சு" என்றார் அம்மா மெல்ல, மறுபடி மூட்டைமேல் உட்கார்ந்தபடி. "ஒன்பது ஒன்பதுன்னு கத்தறேன், பாறையைக் காணோம். ஊசிக்குப் பயந்து ஓடிட்டான்னு நினைச்சேன். பன்னிரண்டுன்னு எழுதிட்டேன். பதினொண்ணா அனுப்பறது? இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தலையணை உறை குறைச்சு அனுப்பினதில்லை நான். அதான் உள்ளே போய் என் கையை நீட்டிட்டேன். ஆள் மாத்தக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டினவளே நான்தான். எப்படிச் சொல்றது?" பிறகு அவசரமாக, "ஆனா அந்தத் தாள்ல சரின்னுதானே போட்டிருக்கு? பச்சையில போட்டிருக்கே?"

"பாறைக்குச் சரிம்மா" என்றாள் அண்ணி. அவர் பக்கத்தில் வந்து மூட்டைமேல் உட்கார்ந்தாள். "முப்பத்துநாலு வயசு ஆம்பளைக்குச் சரி. நீங்க பாறையா?"

அம்மா தன் கையைக் குனிந்து பார்த்தார். காலையிலிருந்து ஆலை முழுக்கத் தேடிய ஆள் அந்தக் கையின் மறுநுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"காலையில ஒரு மாத்திரை போட்டீங்களே, அது என்ன?"

"முழங்கால் வலிக்கு. ரெண்டு வருஷமா. தினம் ரெண்டு, மூட்டை ஜாஸ்தின்னா மூணு. கடையிலேயே கேட்டு வாங்கிக்கிறதுதான்."

லேப்காரர் உச்சுக் கொட்டினார். "வலி மாத்திரையை அப்படிப் போட்டா கிட்னிக்கு ஆகாதும்மா. டாக்டர்கிட்ட முதல்ல அதைச் சொல்லுங்க."

"நான் செத்துப்போயிடுவேனா?"

"தொட்டி அடைச்சாலே குடைக் கம்பியோட நிக்கிற டாக்டரும்மா அவரு" என்றான் கொழுந்தன். சிரிக்க வைக்கத்தான் சொன்னான். "உங்களை விட்டுடுவாரா? சீக்கிரம் வந்தா எவ்வளவோ செய்யலாம்னு அவர் வாயாலேயே சொன்னாரு."

"மறுபடி எடுத்துப் பாத்தாத்தான் எதுவும் தெரியும்" என்றாள் அண்ணி. "இதோ லேப்காரர் இருக்காரு. ஊசியும் இருக்கு. இந்தத் தடவை உங்க பேருல. தாள் உங்க கைக்குத்தான் வரும், ஆபீஸுக்குப் போகாது."

லேப்காரர் குழந்தை ஊசியை எடுத்து வைத்துவிட்டு, ஒரு புதுத் தாளையும் பேனாவையும் எடுத்தார். "வயசு?"

"ஐம்பத்துநாலு."

அண்ணி இருமினாள்.

"என்ன? ஐம்பத்துநாலுதான்" என்றார் அம்மா, கறுத்த தலைமயிரைச் சரிசெய்தபடி.

"அம்மா, அந்தக் கணக்குல வயசும் சேருது. நீங்க குறைச்சுச் சொன்னா, எண் கூடுதலா வந்து நிக்கும். இருக்கிறதைவிட நல்லா இருக்குன்னு தாள் பொய் சொல்லும். இன்னிக்கு ரெண்டு பொய்த் தாளைப் பாத்தாச்சு. போதாதா?"

அம்மா அந்தப் புதுத் தாளைப் பார்த்தார். வருடா வருடம் பன்னிரண்டு பேருக்கும் ரத்தம் எடுக்க வைத்தவர், அந்தப் பட்டியலில் தன் பெயரை ஒருமுறைகூட எழுதியதில்லை. பெயர் எழுதினால் பக்கத்தில் வயதையும் எழுத வேண்டும். அறுபதோடு வேலை முடிந்தது என்பது அந்த ஆலையின் சட்டம். எதிரே பன்னிரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அறுபத்தொண்ணு."

தையல் அக்கா தொண்டையைச் செருமினாள்.

"அதுக்கு ஏம்மா கண்ணை மூடறீங்க? எங்க எல்லாருக்கும் தெரியுமே."

அம்மா கண்ணைத் திறந்தார். "என்னடி தெரியும்?"

"போன வருஷம் உங்களுக்கு அறுபது முடிஞ்சன்னிக்கு நாங்க பன்னிரண்டு பேரும் பின்கட்டுல கேக் வெட்டினோம். உங்களைக் கூப்பிட்டா கோவிச்சுக்குவீங்கன்னு கூப்பிடலை."

"என் பங்கையும் நான்தான் சாப்பிட்டேன்" என்றான் பாறை. "உங்க பங்கையும்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதார். அழுதுகொண்டே, "ஆபீஸ்ல யாருக்காவது...?" என்று கேட்டார்.

"எங்க வாயிலேர்ந்தா?" என்றாள் தையல் அக்கா.

லேப்காரர் தாளில் அறுபத்தொன்று என்று எழுதினார். விரிப்பு இல்லாமல், நேருக்கு நேர், அம்மா கையை நீட்டினார். பாறை மட்டும் பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். மற்றவர்கள் அவனைத் தாங்கிப் பிடிக்கத் தயாராக நின்றார்கள்.